வியர்வை காயாத ஜூன்

1

ஜூன் பிறந்துவிட்டது. இனி மூன்று மாதத்துக்கு மஸ்கட்டில் எங்கள் கட்டுமானத் தளங்களில் மதியம் பன்னிரண்டரை ஆனால் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிழலுக்கு வந்துவிட வேண்டும். மூன்றரை வரை யாரும் வெயிலில் நிற்கக் கூடாது. அரசாங்க உத்தரவு. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். இங்கே 'சேஃப்டி' என்பார்கள். ஊரில் அப்படிச் சொன்னால் 'செக்யூரிட்டியா?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். என் அக்கா ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்கினாள்: "வாட்ச்மேன் மாதிரிதான். திருடன் வராம பாக்குறதுக்குப் பதிலா இவன் வெயில் வராம பாக்குறான்." பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்ல வரவில்லை.

என்னிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கறுப்பு உருண்டை, பக்கத்தில் ஈரத்திரி சுற்றிய வெப்பமானி. தளத்தின் நடுவில் நட்டு வைத்துவிட்டு மணிக்கொரு தரம் எண்ணைக் குறித்துக்கொள்வேன். எண் ஏறினால் கொடியின் நிறத்தை மாற்றுவேன். சிவப்புக் கொடி ஏறினால் எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும். எஞ்சினியர்கள் என்னை முறைப்பார்கள். முறைத்துக்கொள்ளட்டும்.

இங்கே வேலையை நிறுத்துகிற இதே மாதத்தில்தான் எங்கள் ஊரில் வேலையைத் தொடங்குகிறார்கள். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். மேட்டூர் திறந்த தண்ணீர் வந்து சேருவதற்கு முன்பே போர் செட்டு வைத்திருப்பவர்கள் குறுவைக்குச் சேறு அடித்துவிடுவார்கள். என் அக்கா வளர்மதி ஒரு நடவு செட்டை நடத்துகிறாள். அவளைச் சேர்த்துப் பத்துப் பெண்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுத்து, ஒன்றாக இறங்கி, ஒன்றாக ஏறுவார்கள். எடுத்த வயலை முடிக்காமல் பாதியில் கரையேறுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. வெயிலைப் பார்த்து யாரும் அங்கே கொடி மாற்றுவதில்லை.

எனக்கு ஜூன் என்றால் பயம். சுற்றி வளைக்காமல் அப்படியே எழுதுகிறேன். போன வருடம் இதே மாதத்தில் நடந்த ஒன்றால் வந்த பயம் அது.

2

வியர்வை வந்தால் உடம்பு குளிரும் என்று பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. வியர்வை வருவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக இடமில்லை. வழிந்துகொண்டே இருக்கும், காயாது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். இங்கே உள்நாட்டுப் பாலைவனத்தில் நாற்பத்தைந்து டிகிரியில் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கடற்கரைத் தளத்தில் முப்பத்தெட்டில் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே உள்ளவர்கள் அந்த ஈரத்தை 'ரதூபா' என்பார்கள். எங்கள் ஊரில் 'இறுக்கம்' என்போம். "இன்னைக்கு என்ன இப்படி இறுக்குது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

சூடு ஏறும்போது இருதயம் ரத்தத்தைத் தோலுக்கு ஓட்டி ஓட்டிக் களைத்துப்போகும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டிய ரத்தம் குறையும். இதில் எனக்கு மிகவும் பயமான விஷயம் வேறு. மூளை தடம் மாறுவது அந்த ஆளுக்கே தெரியாது. கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். அதனால்தான் இங்கே யாரையும் தனியாக வேலை செய்ய விடுவதில்லை. பக்கத்து ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போன வருடம் மே மாதம் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். என் மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். வீட்டில் ஏசி, பள்ளி பஸ்ஸில் ஏசி, வகுப்பில் ஏசி. ஊரில் இறங்கிய மூன்றாம் நாளே கழுத்தெல்லாம் வேர்க்குரு. பாதி நேரம் வாடகைக் காரை ஓடவிட்டு அதற்குள் உட்கார்ந்திருந்தாள். அக்கா காருக்கே மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அத்தை, ரொம்ப சூடா இருக்கு" என்றாள் இனியா.

"சூடா இருந்தா ஆத்திக் குடி" என்றாள் அக்கா. மகளுக்குப் புரியவில்லை. அவளுடைய தமிழில் வெக்கையும் புழுக்கமும் கிடையாது. எல்லாமே சூடுதான், காபி உட்பட.

இனியா போனைத் திறந்து காட்டினாள். வெப்பநிலை முப்பத்தேழு, ஆனால் உடம்புக்கு நாற்பத்தாறு போலத் தெரியும் என்று அதில் போட்டிருந்தது. நான் அதை அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

"எங்களுக்கு எப்படி இருக்குன்னு அதுக்கு எப்படிடா தெரியும்?"

நானும் சேர்ந்து சிரித்தேன். மற்றவர்களுக்கு மணிக்கொரு தரம் எண்ணை வாசிக்கிறவன், அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.

வயலின் உள்ளே என் மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். முதுகுக்கு மேலே வெயில். குனிந்த முகத்துக்கு ஒரு முழம் கீழே சூடேறிய தண்ணீர், அதிலிருந்து எழும் ஆவி. கொதிக்கிற சோற்றுப்பானையை எட்டிப் பார்க்கிற மாதிரியே நாள் முழுக்கக் குனிந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு அவர்கள் காலையிலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். நான்கு பக்கமும் வெட்டவெளி, எங்கே ஒதுங்குவது?

3

இங்கே காலை பத்தரைக்கு டீ. அப்போது ஊரில் மணி பன்னிரண்டு. அந்த நேரத்தில் அக்காவுக்குப் போன் போடுவது என் வழக்கம். பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு வரப்பில் வைத்துவிட்டு நட்டுக்கொண்டே பேசுவாள்.

விடுமுறை முடிந்து நாங்கள் திரும்பிய பிறகு, ஜூனில் ஒரு நாள். அன்றைக்குக் குறுவையின் முதல் நடவு. சில மாதம் வேலையில்லாமல் இருந்த உடம்பு முதல் சில நாள்தான் வெக்கைக்கு அதிகம் விழும். இங்கே புது ஆட்களுக்கு முதல் வாரம் பாதி வேலைதான் கொடுப்போம்.

"அக்கா, சாப்டியா?"

"அம்மா கொண்டாந்துகிட்டு இருக்கு. வரப்புல வருது பாரு."

எங்கள் அம்மா இறந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. அக்கா கேலிக்காரி என்பதால் ஒரு விநாடி சிரிக்கத்தான் பார்த்தேன்.

"என்னக்கா சொல்ற?"

"தூக்குல கொண்டாருது. நீ ஏன்டா பள்ளிக்கூடம் போகல?"

நாக்கு தடித்தது போல் வார்த்தைகள் குழைந்து வந்தன. இந்த மாதிரிப் பேச்சை நான் எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

"மல்லிகா! மல்லிகா இருக்கியா?" என்று கத்தினேன். மல்லிகா அக்காவின் செட்டில் இளையவள், எப்போதும் அக்காவின் பக்கத்தில் நிற்பவள். போனை எடுத்தாள்.

"வளர்மதியக்கா நல்லாத்தாண்ணே இருக்கு. காலையிலேர்ந்து இப்படித்தான் வெளாட்டுக்குப் பேசுது. நட்டுக்கிட்டுதான் இருக்கு."

"நல்லா பாத்து சொல்லு. எப்படி நடுது?"

நடவுப் பெண்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். நட்ட நாற்று முகத்துக்கு முன்னால் இருக்கும், கால் வெறும் சேற்றில் பின்னோக்கிப் போகும். குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

"அண்ணே... முன்னாடி போகுதுண்ணே. நட்டத மிதிச்சுக்கிட்டுப் போகுது."

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பயத்தை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கடல் தாண்டி நின்றுகொண்டு, கையில் ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு, என் அக்கா சாகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

போனுக்குள் இன்னொரு குரல் கேட்டது. செட்டில் மூத்தவரான நாகம்மா பெரியம்மா. "உச்சி நேரம்டி. அவ ஆத்தாதான் வந்துருக்கா. இந்த வயல்லதான விழுந்தா அவ." பிறகு அக்காவிடம் பணிவாகக் கேட்டார்: "என்ன வேணும் ஆத்தா, சொல்லு."

"தண்ணி" என்றாள் அக்கா.

"பெரியம்மா, அது அம்மா இல்ல. வெயிலு. அக்காவத் தூக்கிட்டுப் போய் போர் தண்ணில போடுங்க. வயல் தண்ணி வேணாம், அது சுடும்." இங்கே தளத்தில் இருந்த ஹிந்திக்காரர்களும் வங்காளிகளும் டீயை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். "மல்லிகா, மொதல்ல சட்டையக் கழட்டு."

"வயக்காரரு நிக்கிறாருண்ணே. டிராக்டர் ஆளும் நிக்கிறாரு."

"அவங்களத் திரும்பி நிக்கச் சொல்லு."

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடவுக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். வெயில் சுடாது, கை கறுக்காது. எங்கள் கம்பெனியில் வருடா வருடம் மிஞ்சுகிற யூனிஃபார்ம் சட்டைகளை நான்தான் பெட்டியில் போட்டு அனுப்பினேன். கிழியாத கெட்டித் துணி, பாலியஸ்டர், காற்றுப் புகாது. இங்கே அதை மாற்றி மெல்லிய பருத்தி கொடுக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்றியபோது கழித்துப் போட்ட பழைய சரக்கைத்தான் ஊருக்கு அனுப்பினேன். ஃபாரின் சட்டை என்று பத்துப் பேரும் ஆசையாகப் போட்டுக்கொண்டார்கள். அக்கா கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தாள்.

பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய ஆயுசு. தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே மல்லிகா சொல்லிக்கொண்டே இருந்தாள். "தலைல ஊத்துறோம்ணே. அக்குள்ல ஊத்துறோம்ணே. கண்ணத் தொறக்கல. மூச்சு இருக்கு." நூற்றெட்டு வண்டி வரும்வரை நான் போனை வைக்கவில்லை. அன்றைக்கு இங்கே எந்தக் கொடி பறந்தது என்று எனக்கு நினைவில்லை.

4

அவசர விடுப்புக்குப் படிவம் வாங்கினேன். நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்விக்குக் கீழே கட்டங்கள் இருந்தன. மனைவி, பிள்ளை, தாய், தகப்பன். அக்காவுக்குக் கட்டம் இல்லை. கேட்டதற்கு, உடனடிக் குடும்பம் என்றால் இவ்வளவுதான் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். நல்ல மனிதர்தான். அவர் போட்ட கட்டம் அல்ல அது. நான் 'தாய்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டை அனுப்பச் சொன்னார்கள். சீட்டில் வளர்மதி என்றிருந்தது, என் பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் வேறு. அவர் இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வருட விடுப்பில் கழித்து அனுப்பிவிட்டார்.

விமானத்தில் எனக்கு அம்மா ஞாபகம்தான். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. நடவு வயலிலிருந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செத்துப்போன தன் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். காத்து அடித்துவிட்டது என்றார்கள். திருநீறு போட்டார்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்து அக்கா கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தி, அது விலகாதபடி மேலே படுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அம்மா போய்விட்டாள்.

இந்த வேலைக்கு வந்த முதல் மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் வெப்பத் தாக்கின் அறிகுறிகளைத் திரையில் காட்டினார்கள். சம்பந்தமில்லாத பேச்சு. தள்ளாட்டம். வலிப்பு. உடனே துணியைத் தளர்த்திக் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும், எக்காரணம் கொண்டும் போர்த்தக் கூடாது. நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் அம்மாவை எந்தக் காற்றும் அடிக்கவில்லை. நான்கு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள்.

இதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. சொன்னால் வெயிலுக்குப் பயப்படுவாள், வயலுக்குப் போவதைக் குறைத்துக்கொள்வாள் என்று தெரியும். ஆனால் கூடவே அந்தக் கம்பளியையும் சொன்னதாக ஆகிவிடும். எப்படிச் சொல்வது? என் மகள் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு படிப்பாள். அதை எடுத்து மடித்து வை என்று காரணம் சொல்லாமல் எரிந்து விழுவேன். "அப்பாவுக்கு பிளாங்கெட் அலர்ஜி" என்று தன் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அக்கா பன்னிரண்டு நாள் இருந்தாள். சிறுநீரகம் சோர்ந்து, பிறகு மெல்லத் தேறியது. தண்ணீரில் போட்டதால்தான் ஆள் இருக்கிறார் என்றார் டாக்டரம்மா. வெக்கையில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அக்காவுக்கும் பொறுமையாக விளக்கினார். ஒரு தடவை அடி வாங்கிய உடம்பு அடுத்த தடவை சீக்கிரமே விழும், இனி வெயிலில் வேலை வேண்டாம் என்றார்.

அவர் போன பிறகு அக்கா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மாவுக்கும் இதுதானாடா?"

"இல்லக்கா. அது வேற" என்றேன்.

5

இந்த வருடம் நடவுக்குப் போகமாட்டேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். செட்டை மல்லிகா பார்த்துக்கொள்வாள் என்றாள். விடிவதற்கு முன் இறங்கிப் பதினொரு மணிக்கு ஏறிவிடச் சொன்னேன். அப்படியானால் மிஷின் வைத்து நட்டுக்கொள்கிறோம் என்று வயல்காரர்கள் சொல்கிறார்களாம். சட்டைகளை மட்டும் எரித்துவிடச் சொன்னேன். "நல்ல சட்டைய எரிக்கவா?" என்றாள் அக்கா. எரித்தாளா என்று தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் போன் போட்டேன். இங்கே மீட்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், மஞ்சள் கொடி.

"எங்கக்கா இருக்க?"

"வீட்டுலதான்."

அவள் குரலுக்குப் பின்னால் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. ஒருவருடைய கால் அல்ல, பலருடையது. அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன் நான்.

"நீ வீட்டுல இல்ல."

"வரப்புலதான் நிக்கிறேன். எறங்கல."

"வரப்புல நின்னாலும் அதே வெக்கைதான்க்கா. டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா?" இத்தனை வருடம் பிடித்து வைத்திருந்தது பயத்தில் வெளியே வந்துவிட்டது. "அக்கா, அம்மாவுக்கும் இதுதான்."

"தெரியும். அந்த டாக்டரம்மா சொல்லும்போதே தெரிஞ்சுபோச்சு. நீ இல்லன்னு சொன்ன. ஒனக்குப் பொய் சொல்ல வராது தம்பி. போத்துனது நான்தானே."

"ஒனக்குப் பதினாறு வயசுக்கா."

"இருக்கட்டும். இவளுங்க ஒம்போது பேருல எவளாவது ஏடாகூடமாப் பேசுனா இங்க யாருக்குத் தெரியும்? நாகம்மா குறி கேக்கும். எனக்குத் தெரியும். அதுக்குத்தான் வந்து நிக்கிறேன். வீட்டுல கெடந்தா எனக்கு இருப்பு கொள்ள மாட்டேங்குது."

என் கையேட்டின்படி அவள் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. அவளை விட்டால் அங்கே வேறு ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. போ என்றும் சொல்ல முடியவில்லை, இரு என்றும் சொல்ல முடியவில்லை.

"இரு, வச்சுடாத" என்று சொல்லிவிட்டு அக்கா வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். மல்லிகா. ம். நாகம்மா பெரியம்மா. ஏன்டி, இருக்கேன். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள், சிலர் சலிப்போடு, சிலர் சிரிப்போடு. நான் விரல் விட்டு எண்ணினேன். எட்டாவது குரலுக்கும் ஒன்பதாவது குரலுக்கும் நடுவில் அக்கா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அதுவரை நான் மூச்சு விடவில்லை.

ஒன்பது பெயரும் முடிந்தது. அக்கா பெருமூச்சு விட்டாள். அவளைக் கூப்பிட்டுப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் தம்பி அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் கூப்பிட்டதில்லை.

"வளர்மதி" என்றேன்.

அங்கே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"ம்" என்றாள்.